சின்ன மதர்போட்டும் யாழ்ப்பாண வெக்கையும்

திருத்தவேலைக்கு வரும் கேமிங் கணினிகளில் இப்போது மினி ஐ.டி.எக்ஸ் பெட்டிகள் கூடிக்கொண்டு வருகின்றன. அவற்றுக்குள் இருக்கும் மினி ஐ.டி.எக்ஸ் மதர்போட் நீளமும் அகலமும் 17 சென்ரிமீற்றர், அவ்வளவுதான். விலையோ அதே தரத்துப் பெரிய போட்டைவிடக் கூட. அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது என்று பார்த்து வாங்குபவர்கள் குறைவு.

வைஃபை, வண்ண விளக்கு எல்லாம் பிறகு. முதலில் கணினியின் மூளையான சிபியூவைச் சுற்றியுள்ள வி.ஆர்.எம் பகுதியைப் பாருங்கள். பவர் சப்ளை தரும் 12 வோல்ற்றை ஏறத்தாழ 1 வோல்ற்றாகக் குறைத்து சிபியூவுக்குக் கொடுப்பது அதுதான். ஏ.எம்.டி நிறுவனத்தின் ரைசன் 9 7950எக்ஸ் சிபியூ முழு வேலையில் 230 வாற் வரை இழுக்கும். அவ்வளவும் அந்த ஒடுங்கிய இடத்தால்தான் போகவேண்டும். கேம் விளையாட மட்டும் என்றால் ரைசன் 7 7800எக்ஸ்3டி போதும். அதன் உச்ச எல்லையே 162 வாற், விளையாடும்போது அதிலும் நன்றாகக் குறைவு. சின்னப் போட்டுக்கு இப்படியான சிபியூதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

இணையத்தில் வரும் வி.ஆர்.எம் வெப்ப அளவுகளை அப்படியே நம்பி வாங்கவேண்டாம். அவை பெரும்பாலும் 20 முதல் 25 பாகை அறையில் அளந்தவை. சித்திரை, வைகாசிப் பின்னேரங்களில், மின்விசிறி மட்டும் சுழலும் நம் வீட்டு அறை 32, 33 பாகை. அங்கே 85 என்றால் இங்கே 95 என்று கணக்கு வையுங்கள். அதற்குமேல் காற்றோட்டம் குறைந்த சின்னக் கேஸ். வி.ஆர்.எம் எல்லை தாண்டினால் போட் தானாகவே சிபியூவின் வேகத்தைக் குறைக்கும், கேம் விக்கி விக்கி ஓடும். பெடியள் கிராபிக்ஸ் காட்டைக் குறைசொல்லி அதை மாற்றக் கேட்டு வருவார்கள். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, விளையாடும்போது வி.ஆர்.எம் வெப்பத்தை ஒருதரம் பார்த்தாலே காரணம் பிடிபடும். தண்ணீர்க் கூலர் போட்டால் சிபியூ குளிரும், வி.ஆர்.எம்முக்குக் காற்றுப் படாது. கீழ்நோக்கி ஊதும் கூலர் இரண்டையும் கவனிக்கும்.

ராம் துளை இரண்டுதான். இப்போது இரண்டு 8 ஜிபி போட்டால் பிறகு கூட்ட இடமில்லை, இரண்டையும் கழற்றவேண்டிவரும். முதலே 16 ஜிபி இரண்டாக வாங்குங்கள். பல போட்களில் எஸ்.எஸ்.டி செருகும் எம்.2 இடங்களில் இரண்டாவது பின்பக்கத்தில் இருக்கும். அதிலுள்ள எஸ்.எஸ்.டியை மாற்றப் போட் முழுவதையும் கழற்றவேண்டும்.

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவரும் போட் என்றால், இலங்கையில் வாரண்டி செல்லுமா என்று வாங்கமுன் கேட்கச் சொல்லுங்கள். இந்த ரைசன் சிபியூக்கள் உட்காரும் ஏ.எம்5 சொக்கற்றில் பின்கள் போட்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் பெரும்பாலும் வாரண்டி போய்விடும். இங்கே கடையில் வாங்கினால் அங்கேயே மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். அந்தப் பிளாஸ்ரிக் மூடியை எறியாதீர்கள். வாரண்டிக்குத் திருப்பி அனுப்பும்போது அதையும் கேட்பார்கள்.