கடன் மன்னிப்பா, கடன் விடுவிப்பா?

அமெரிக்க ஆசிரியர்களின் கல்விக்கடன் பற்றித் தமிழில் எழுதும்போது 'கடன் மன்னிப்பு' என்று எழுதிவிடுகிறோம். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐந்து ஆண்டு பாடம் நடத்தினால் கடனில் ஒரு பகுதியை அரசு 'மன்னிக்கும்' என்று. எனக்கு இது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. கடன் வாங்கிப் படித்து, வேறு யாரும் வரத் தயங்கும் பள்ளிக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்ன குற்றம் செய்தார், மன்னிப்பதற்கு?

அமெரிக்கர்கள் சொல்வது 'லோன் ஃபர்கிவ்னெஸ்'. அதிலுள்ள 'ஃபர்கிவ்' என்ற வினைச்சொல்லின் உள்ளே இருப்பது 'கிவ்', அதாவது 'கொடு' என்ற சொல்தான். கொடுத்தல், கடனை விட்டுக்கொடுத்தல், குற்றம் பொறுத்தல் ஆகிய மூன்று பொருளும் பழைய ஆங்கிலத்திலேயே அதற்கு இருந்தன. ஆகவே கடனோடு சேர்ந்து வரும்போது அது விட்டுக்கொடுத்தலைக் குறிக்கிறது. நாம் மூன்றாவது பொருளை எடுத்து இங்கே ஒட்டிவிட்டோம். கடனையும் குற்றத்தையும் ஒன்றாகப் பார்ப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஜெர்மன் மொழியில் இரண்டுக்குமே 'ஷுல்ட்' என்ற ஒரே சொல். தமிழ் பைபிளிலும் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று ஜெபம் உண்டு. அங்கே கடன் என்பது பாவத்துக்கு உவமை, மன்னிப்பு பொருந்துகிறது. வங்கிக் கணக்கில் நிற்கும் கடன் அப்படியல்ல.

தமிழில் 'கடன்' வேறு பக்கமாகப் போகும் சொல். 'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்கிறது புறநானூறு. அங்கே கடன் என்றால் கடமை. காலைக்கடன், நீத்தார் கடன் என்று இன்றும் அந்தப் பொருளில் பேசுகிறோம். திருப்பித் தர வேண்டிய பணமும் செய்து முடிக்க வேண்டிய வேலையும் நமக்கு ஒரே சொல். பிள்ளைகளைச் சான்றோர் ஆக்கும் கடனைச் செய்து, வங்கிக் கடனிலிருந்து மீள்கிறார் ஓர் ஆசிரியர். இந்தத் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைக்குமா தெரியவில்லை!

சரி, 'தள்ளுபடி' என்று சொல்லலாமே என்பார்கள். பயிர்க்கடன் தள்ளுபடி நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் அது அரசு அறிவித்ததும் தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைப்பது. பதிலுக்கு வேலை எதுவும் கேட்பதில்லை. அமெரிக்க ஆசிரியர் திட்டங்களோ முழுக்க முழுக்க வேலைக்கு ஈடானவை.

இதன் தொடக்கம் 1958. அதற்கு முந்தைய ஆண்டு சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. பதறிப்போன அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்து மாணவர்களுக்குக் கடன் கொடுத்தது. கடன் வாங்கியவர் அரசுப் பள்ளியில் ஆசிரியரானால் ஆண்டுக்கு 10 விழுக்காடு குறையும். ஐந்து ஆண்டில் பாதிக் கடன் போய்விடும். இதற்கு நம்மிடம் அசலான சொல் இருக்கிறது: கழித்தல். முன்பணம் வாங்கியவர் 'வேலையில கழிச்சுடறேன்' என்பாரே, அதேதான். இந்தக் கடனின் வழிவந்த பெர்கின்ஸ் கடனில் ஐந்து ஆண்டில் முழுத் தொகையையும் கழிக்க முடிந்தது. 2017-க்குப் பிறகு அந்தக் கடன் புதிதாகக் கொடுக்கப்படவில்லை.

இப்போதுள்ள ஆசிரியர் திட்டம் வேறு மாதிரி. தகுதியான பள்ளியில் இடைவெளியில்லாமல் ஐந்து முழுக் கல்வியாண்டு பணியாற்ற வேண்டும். உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதமோ அறிவியலோ நடத்துபவருக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் 17,500 டாலர் வரை. மற்றவர்களுக்கு 5,000 டாலர் வரை. ஆள் எங்கே கிடைக்கவில்லை என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடுகிறது. நான்காம் ஆண்டில் விலகினால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே இங்கே 'கழித்தல்' பொருந்தாது. கடைசியில் ஒரேயடியாக விடுபடுவதால் 'பணிவழிக் கடன் விடுவிப்பு' என்பதே என் தேர்வு.

2007-இல் வந்த பொதுச்சேவை ஊழியர்களுக்கான திட்டமும் இந்த வகைதான். அரசுப் பள்ளி உள்ளிட்ட பொதுச்சேவையில் இருந்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் போய்விடும். ஆனால் 2018 ஜூன் வரை 28,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் விடுபட்டவர்கள் 96 பேர். பலருக்குத் தவணை எண்ணிக்கை நிறையவில்லை. பலருடைய கடன் வகையே தகுதியில்லாதது என்று பின்னால்தான் தெரிந்தது. பத்து ஆண்டு நம்பி வேலை பார்த்தவரிடம் 'உங்களுக்கு மன்னிப்பு இல்லை' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அந்தச் சொல் எவ்வளவு தவறு என்று புரியும்.

அப்புறம், இதோடு ஒட்டிய இன்னொரு சொல், 'டீச் கிராண்ட்'. ஆசிரியப் பயிற்சி மாணவருக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை என்று சட்டம் வகுத்த உதவி இது. படிப்பு முடிந்து எட்டு ஆண்டுக்குள் நான்கு ஆண்டு, ஆள் பற்றாக்குறையுள்ள பாடத்தை ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் நடத்த வேண்டும். தவறினால் முழுத் தொகையும் கடனாக மாறி, பணம் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஏறும். இதை 'மானியம்' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் ஏமாந்துபோவார். 'பணி நிபந்தனை உதவித்தொகை' என்று எழுதுங்கள். நிபந்தனை பெயரிலேயே தெரியட்டும்.