கடைசி சேம்பர் வரை உங்கள் பொறுப்பு

பலத்த மழை பெய்த மறுநாள் காலையில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே புகாராகத்தான் இருக்கும்: "சார், கீழ்வீட்டுக் குளியலறையில் சாக்கடை ஏறி வருகிறது." கட்டடங்களின் குடிநீர், கழிவுநீர்க் குழாய் வேலைகளைச் சென்னையில் பல ஆண்டுகளாக எடுத்துச் செய்கிறேன். மேற்கு மாம்பலத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புக்குப் போனபோது, செயலாளர் வரி ரசீதுகளையும் குடிநீர் வாரியத்துக்கு எழுதிய மனுவையும் கோப்பில் அடுக்கித் தயாராக வைத்திருந்தார். நான் சேம்பர் (வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டி) மூடியைத் திறந்தேன். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் நேராக அதற்குள் நுழைந்திருந்தது.

இரண்டாயிரம் சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் ஒன்பதாயிரம் லிட்டர் நீர் சேரும். ஒரு பெரிய தண்ணீர் லாரியையே சேம்பரில் கவிழ்த்ததற்குச் சமம். தெருவில் எல்லா வீடுகளும் இதையே செய்தால் எந்தக் குழாய் தாங்கும்? சென்னையில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிப் பாதைகள். கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர் வாரியத்துடையவை. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. ஒன்றை மற்றொன்றில் சேர்ப்பது, எந்தப் பக்கமிருந்து செய்தாலும், விதிமீறல். 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் இன்னும் சாக்கடைக்குள் மழையைச் சேகரித்துக்கொண்டிருக்கிறோம்!

"வரி கட்டுகிறோமே, வந்து பார்க்க வேண்டாமா?" என்று செயலாளர் கேட்டார். வளாகத்துக்குள் இருக்கும் குழாய்கள், கல்லி டிராப் (நாற்றம் திரும்பி வராமல் நீரைத் தேக்கித் தடுக்கும் அமைப்பு), சேம்பர்கள் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவுக்கு அடியில் ஓடும் குழாயும் இயந்திர நுழைவாயில்களும் (முன்பு மேன்ஹோல் என்றோம்) வாரியத்தின் பொறுப்பு. இரண்டையும் சேர்க்கும் இணைப்புக் குழாய் சாலைக்கு அடியில் கிடப்பதால், அதில் பழுது என்றால் வாரியத்தின் பணிமனையில் சொல்லித்தான் செய்ய வேண்டும். நாமாகச் சாலையைத் தோண்டக் கூடாது.

அடைப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க என்னை அழைக்கவே வேண்டியதில்லை. மதிலை ஒட்டியுள்ள கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள். அது வறண்டிருந்து கழிப்பறை மட்டும் நிரம்பினால் கோளாறு உங்கள் குழாயில். அதுவும் விளிம்பு வரை நின்றால் இணைப்பிலோ தெருவிலோ கோளாறு. பக்கத்து வீட்டாரையும் ஒரு வார்த்தை கேளுங்கள், தெளிவாகிவிடும். பல வீடுகளில் அந்த சேம்பர் மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், அல்லது துளசி மாடம் கட்டியிருப்பார்கள். அங்கே என் வேலை கடப்பாரையோடுதான் தொடங்கும்.

வரி விஷயம் சுருக்கமாக. குடிநீர், கழிவுநீர் வரி என்பது வீட்டுக்கு மாநகராட்சி மதிப்பிடும் ஆண்டு வாடகை மதிப்பில் 7 சதவீதம். அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. கட்டணம் வேறு, அது சேவைக்கானது. ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைப்பவர்கள் ஏராளம். பழைய வீடு வாங்குவோர் இரண்டிலும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

இருபது ஆண்டுகளாக வீட்டுக் கழிவுநீர்க் குழாய்களில் நான் எடுத்தவை: சமையலறைக் கொழுப்பு, சானிட்டரி நாப்கின், ஈரத் துடைப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் நார், ஒரு முறை வெள்ளிக் கொலுசு. கொழுப்புதான் முதல் எதிரி. சூடாக ஊற்றும் எண்ணெய் குழாயில் குளிர்ந்து உறைந்து படலமாகிவிடும். மற்றவையெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, சாலையை மேலே மேலே போட்டதில் பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. தெருக் குழாய் நிரம்பினால் நீர் மிகத் தாழ்ந்த திறப்பைத் தேடி வரும். அது உங்கள் தரைத்தளக் குளியலறை. இப்படிப்பட்ட வீடுகளில் பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்தச் சொல்வேன். அதையும் அவ்வப்போது திறந்து சுத்தம் செய்யாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

மாம்பலத்தில் வேலை முடியும் நேரத்தில் செயலாளர், பயன்படுத்தாத பழைய செப்டிக் டேங்க் ஒன்று பின்புறம் இருக்கிறது, ஓர் ஆளை இறக்கிச் சுத்தம் செய்து மூடிவிடலாமா என்றார். மாட்டேன் என்றேன். அதற்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் மூச்சு விடுவதற்குள் விழுந்துவிடுவார். காப்பாற்றக் குதிப்பவரும் அப்படியே. கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இப்படி ஆளை இறக்குபவருக்கு முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு மட்டுமல்ல, வீட்டுக்காரரும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். கழிவுநீர்க் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உறிஞ்சு லாரியை வரவழைத்து டேங்கைக் காலி செய்தோம், மணல் கொட்டி மூடினோம். மழைநீர்க் குழாயை அறுத்துக் கிணற்றுப் பக்கம் திருப்ப ஒரு பகல் ஆனது. தெருவில் இயந்திர நுழைவாயில் பொங்கினால் 1916-ஐ அழையுங்கள். எந்த வீட்டு வாசலில், எத்தனை மணியிலிருந்து என்று சொன்னால் வருபவருக்குத் தேடும் வேலை மிச்சம்.