சொல் விளக்கம்: வைரப் பட்டடை

உயர் அழுத்த ஆய்வுகளைப் பற்றிப் படித்தால் 'டயமண்ட் ஆன்வில் செல்' என்ற பெயர் கட்டாயம் வரும். பொருளை இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து அமுக்கும் கருவி அது. தமிழில் எழுதும்போது பலரும் இதை அப்படியே ஒலிபெயர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆன்வில் என்பது கொல்லர் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைதானே!

'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு' என்கிறது குறள் 821. மனம் ஒட்டாதவரின் நட்பு, தக்க இடம் வாய்த்ததும் நம்மை அடிப்பதற்கு உதவும் பட்டடை. குறுந்தொகையின் 12ஆம் பாட்டு, வெயிலில் காயும் பாறையை 'உலைக்கல் அன்ன பாறை' என்கிறது. உலைக்கல்லும் பட்டடைதான், ஆனால் அந்தச் சொல்லில் உலையின் சூடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கருவியில் காந்தப் பொருள்களை ஆராயும்போது பெரும்பாலும் குளிரவைத்தே பார்ப்பதால் பட்டடையே பொருத்தம். 'செல்' லத்தீனில் சிற்றறையைக் குறித்த சொல். உயிரணு இங்கே ஒட்டாது, கலம் போதும். ஆக, வைரப் பட்டடைக் கலம். சுருக்கமாக வைரப் பட்டடை.

1950களின் இறுதியில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் உருவான கருவி இது. உள்ளங்கையில் அடங்கிவிடும். முனை தட்டையாகச் சீவிய இரண்டு வைரங்கள் எதிரெதிரே நிற்கும். நடுவே குக்கர் கேஸ்கட் போல ஒரு உலோகத் தகடு. அதில் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை. துளைக்குள் ஆய்வுப் பொருளின் துணுக்கு, கொஞ்சம் திரவம், ஒரு மாணிக்கத் துகள். திருகை முறுக்கினால் அழுத்தம் ஏறும். லேசர் பட்டு மாணிக்கம் விடும் சிவப்பு ஒளியின் அலைநீளம் அழுத்தத்தோடு கூடும். அதை வைத்தே அளவு கணக்கிடுகிறார்கள். கவனியுங்கள், இதில் சுத்தியலே கிடையாது. இரண்டுமே பட்டடை.

சரி, இதற்குள் அடுக்குக் காந்தத்தை வைத்தால் என்ன ஆகும்? இரும்பும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மம் உண்டு. பென்சில் கிராஃபைட் மாதிரி தாள் தாளாக உரியும். ஒவ்வொரு தாளுக்குள்ளும் பிணைப்பு கெட்டி. தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பு மிகத் தளர்வு. அதனால் அமுக்கும்போது முதலில் ஒடுங்குவது அந்த இடைவெளிதான். சில கிகாபாஸ்கல் அழுத்தத்தில் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே வழுக்கி வேறு வரிசையில் அமர்கின்றன. தாள்களுக்கு இடையிலான காந்த ஒழுங்கும் மாறுகிறது. ஏறத்தாழ 14 கிகாபாஸ்கலில், அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 1,40,000 மடங்கில், அதுவரை மின்சாரத்தைக் கடத்தாத பொருள் உலோகமாகிவிடுகிறது. ஒரு அணுவைக்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. வெறும் நெருக்கம்!

எல்லா அடுக்குக் காந்தத்துக்கும் இவ்வளவு வேண்டியதில்லை. குரோமியம் டிரைஅயோடைடின் இரண்டு தாள்களில் காந்தத் திசை ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். 2019இல் வெளியான சோதனைகளில் சுமார் 2 கிகாபாஸ்கலிலேயே அவை ஒரே திசைக்குத் திரும்பின. அழுத்தத்தை எடுத்த பிறகும் மாற்றம் நிலைத்தது. அந்தக் கருவியில் எண்ணெயை உந்துதண்டால் அமுக்கினார்கள், வைரம் இல்லை. அதையும் வைரப் பட்டடை என்று எழுதிவிடக் கூடாது. அழுத்தக் கலம் என்றாலே போதும்.