பிரெக்ஸிட்டுக்குப் பிறகு: செட்டில்ட், ப்ரீ-செட்டில்ட் யாருக்கு, எப்படி?

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று குடியுரிமை எடுத்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பு, சொந்தக்காரர், கோயில் என்று லண்டன் பக்கம் வந்து குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அப்போது விசா என்ற பேச்சே இல்லை, ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு இருந்தால் வந்து வீடெடுத்து வேலைக்குப் போகலாம். பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் ஒன்றியத்தை விட்டு விலகி, அந்த டிசம்பர் 31இல் இடைக்காலமும் முடிந்ததோடு அந்த வழி அடைபட்டது. ஆனால் அதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்களுக்கு விலகல் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு உண்டு. அதற்கான ஏற்பாடுதான் இயூ செட்டில்மென்ட் ஸ்கீம்.

கட்டணம் கிடையாது, ஆனால் உரிமை தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் 2021 ஜூன் 30. பிந்திப் போடுபவர்கள் நியாயமான காரணம் காட்ட வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்பது 2023 ஆகஸ்டுக்குப் பிறகு பெரும்பாலும் எடுபடுவதில்லை. அயர்லாந்துக் குடிமக்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

5 ஆண்டு தொடர்ந்து இருந்தவர்களுக்கு செட்டில்ட், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை. குறைவாக இருந்தவர்களுக்கு ப்ரீ-செட்டில்ட், அதாவது தற்காலிக உரிமை. குழப்பமெல்லாம் இந்த இரண்டாவதில்தான். 5 ஆண்டுக்குள் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் தங்கும் உரிமையே போய்விடும் என்று முதலில் ஹோம் ஆபிஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு) வைத்திருந்தது. அது ஒப்பந்தத்துக்கு முரண் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, அப்புறம்தான் காலாவதித் தேதியைத் தானாகவே நீட்டிக்க ஆரம்பித்தார்கள். (பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம்.) 2025 ஜனவரியிலிருந்து வரி, உதவித்தொகைப் பதிவுகளைப் பார்த்துச் சிலரைத் தாமாகவே செட்டில்ட்டுக்கு மாற்றுகிறார்கள். முன்பெல்லாம் எந்த 12 மாதத்திலும் 6 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, தொடர்ச்சி அறுந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அம்மாவைப் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது பெரிய இடி. 2025 ஜூலை முதல் ப்ரீ-செட்டில்ட் வைத்திருப்பவர் கடைசி 60 மாதத்தில் மொத்தம் 30 மாதம் பிரித்தானியாவில் இருந்திருந்தாலும் செட்டில்ட் கேட்கலாம். செட்டில்ட் கிடைத்தபின் தொடர்ந்து 5 ஆண்டு வெளியே இருந்தால் அதுவும் போய்விடும்.

பிள்ளை பிரித்தானியாவில் பிறக்கும்போது பெற்றோரில் ஒருவர் செட்டில்ட் என்றால் பிள்ளை பிரித்தானியக் குடிமகன்தான். இருவருமே ப்ரீ-செட்டில்ட் என்றால் அப்படி இல்லை, பிறந்த 3 மாதத்துக்குள் அந்தக் குழந்தைக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

கையில் அட்டை எதுவும் தர மாட்டார்கள், எல்லாம் ஆன்லைனில்தான். வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ ஷேர் கோட் (உங்கள் உரிமையை மற்றவர் ஆன்லைனில் சரிபார்க்க உதவும் குறியீடு) எடுத்துக் கொடுக்க வேண்டும், 90 நாள் செல்லும். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புது எண்ணை உடனே கணக்கில் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நின்றுகொண்டு விளக்கம் சொல்ல வேண்டி வரும்.