டேட்டாஷீட்ல இருக்குற எடை வேற, ப்ளேன்ல ஏறுற எடை வேற

போன மாசம் லீவுல ஊருக்கு வந்தப்போ பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல பிள்ளைங்ககிட்ட பேசக் கூப்பிட்டிருந்தாவ. எனக்கு சொந்த ஊரு அம்பாசமுத்திரம் பக்கம், வேலை வளிமண்டல ஆய்வு விமானத்துல கருவி மாட்டுறது. பேசி முடிச்சதும் நாலஞ்சு பேரு ஒரு டப்பாவ தூக்கிட்டு வந்தாங்க, காத்துல உள்ள தூசித் துகள எண்ணுற கருவி, அவங்களே செஞ்சது. அருமையா இருந்துச்சு. எடை எவ்வளவு தம்பின்னு கேட்டேன். "ஆறு கிலோ சார், சென்சார் டேட்டாஷீட்ல போட்டுருக்கு"ன்னான், அதாவது கம்பெனி குடுக்குற விவரத்தாள்ல. அந்தப் பதில கேட்டுதான் இத எழுதுதேன்.

பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆய்வுக்குழு 18 கிலோன்னு எழுதிக் குடுத்த கருவி ஒண்ணு எங்ககிட்ட வந்துச்சு. ஹேங்கர்ல, அதான் ப்ளேன் நிறுத்துற கொட்டகையில, தராசுல வச்சா கருவி சரியா 18 தான், ஆனா அதுக்குக் காத்து இழுக்குற பம்ப் 9 கிலோ, பவர் சப்ளை 4, ரேக்ல உக்கார வைக்குற தட்டும் அதிர்வு தாங்குற ரப்பர் மவுண்டும் 5, கேபிளும் ட்யூபும் 3, டேட்டா எடுக்குற கம்ப்யூட்டர் 2, ஆக மொத்தம் 41. பொய் சொல்லணும்னு யாரும் நெனைக்கல, கருவின்னா அந்தப் பெட்டி மட்டும்தான்னு நெனச்சுட்டாங்க. அந்த சீசன்ல அது பறக்கவே இல்ல. ரெண்டு வருஷம் உழைச்ச ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஹேங்கர் வாசல்ல நின்னு அழுதத நான் பாத்தேன், இப்பவும் மறக்க முடியல.

கூடிப்போன 23 கிலோ என்ன பெரிய எடையான்னு தோணும். கிங் ஏர் பி200னு ரெட்டை இன்ஜின் உள்ள, காத்தாடி சுத்திப் பறக்குற ஒரு டர்போப்ராப் ப்ளேன், இந்த மாதிரி சின்ன ப்ளேன்தான் மேகத்துக்குள்ள போய் அளக்க நெறைய இடத்துல பயன்படுது. டேக்-ஆஃப் பண்ணும்போது அதோட மொத்த எடை 5,670 கிலோவத் தாண்டக் கூடாது, சட்டப்படியான வரம்பு அது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். வெளிய மாட்டுற பாகங்க எல்லாம் சேத்து வெறும் ப்ளேன் 3,700 கிலோன்னு வச்சுக்கோங்க, பைலட்டும் ஆராய்ச்சியாளரும் சேந்து நாலு பேரு 340, கருவிங்க 500, மீதி 1,130 கிலோதான் எரிபொருளுக்கு. மணிக்கு ஏறக்குறைய 300 கிலோ குடிக்கும், முக்கால் மணி நேரத்துக்கு உள்ளத அவசரத்துக்குன்னு தொடாம வைக்கணும், அதக் கழிச்சா மூணு மணி நேரம் பறக்கலாம். இப்போ ஏழெட்டு குழு ஆளாளுக்கு 20 கிலோ கூட கொண்டு வந்தா 150 கிலோ ஏறிப்போகும், அரை மணி நேரம் காலி. அளக்கும்போது நொடிக்கு 100 மீட்டர் வேகத்துல பறப்போம், அப்போ அரை மணி நேரம்னா 180 கிலோமீட்டர், நம்ம திருநெல்வேலியில கிளம்புனா மதுரையத் தாண்டிரும், அவ்வளவு தூரத்து மேகத்த அளக்காம விட்டுட்டோம்னு அர்த்தம்.

இதுல வெயிலும் சேந்துக்கும். நம்மூரு மே மாசம் மாதிரி 40 டிகிரியில காத்து லேசாயிரும், றெக்கை தூக்குற விசையும் குறையும், இன்ஜினுக்கு சக்தியும் குறையும், ரன்வே நீளத்தப் பொறுத்து அன்னைக்கு 5,670 கூட முழுசா ஏத்த முடியாமப் போகலாம். அதனாலதான் நாங்க காலையில சீக்கிரமே கிளம்பப் பாப்போம், ஆனா மேகம் வளர்றது மத்தியானத்துக்கு மேல, அதுதான் பிரச்சனையே.

எவ்வளவு எடைங்குறதோட எங்க வைக்கோம்ங்குறதும் இருக்கு. பாரம் ஏத்துன மாட்டுவண்டியப் பாத்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், பின்னாடி கூடிப்போனா நுகத்தடி மேல தூக்கும். ப்ளேன்லயும் ஒவ்வொரு பொருளுக்கும் எடைய, ஒரு குறிச்ச இடத்துல இருந்து அது இருக்குற தூரத்தால பெருக்கி, மொத்தமும் கூட்டி, மொத்த எடையால வகுத்து, ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமமா நிக்குற புள்ளி, எல்லைக்குள்ள இருக்கான்னு பாக்கணும், எரிபொருள் தீரத் தீர அது நகரும், கடைசி வரைக்கும் உள்ளயே நிக்கணும். அப்புறம் பெரிய விமானங்களுக்கான விதியில, அவசரமா இறங்கும்போது பொருளோட எடையப் போல 9 மடங்கு விசைய அதோட பிடிப்பு முன்பக்கமா தாங்கணும்னு இருக்கு, அப்படின்னா 20 கிலோ பெட்டி அந்த நேரத்துல 180 கிலோவா இழுக்கும், அதுக்கு முன்னாடி சீட்ல ஒரு மனுஷன் உக்காந்திருக்கான். போல்ட் சைஸ கேட்டு நான் உயிர எடுக்கேன்னு சிலருக்குக் கோவம் வருது, பரவால்ல.

பவர் பத்தியும் ஒரு வார்த்தை, ஸ்டார்ட் ஆகும்போது பம்ப் இழுக்குற கரண்ட்ட எழுதுங்க, ஓடும்போது உள்ளத மட்டும் எழுதாதீங்க. ஜெனரேட்டர் ஒண்ணு நின்னா மொதல்ல அணைக்கப்போறது உங்க கருவியத்தான், திடீர்னு அணைஞ்சாலும் டேட்டா போகாத மாதிரி செஞ்சு கொண்டு வாங்க.

நெல்லைப் பிள்ளைங்ககிட்ட இத அழுத்திச் சொல்ல காரணம் இருக்கு. குத்தாலத்துல சாரல் நனைச்சு எடுக்கும், பஸ் ஏறி திருநெல்வேலி வந்தா புழுதி பறக்கும், மலையோட மழை மறைவுல வாழுற ஊரு நம்ம ஊரு. அதே ஊர்ப்பக்கம் 2023 டிசம்பர்ல ஒரே நாள்ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு, தாமிரபரணி வீட்டுக்குள்ள வந்துச்சு. புனேல உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் (ஐஐடிஎம்) 2009ல ஆரம்பிச்ச கெய்பெக்ஸ், ப்ளேன்ல பறந்து மேகத்த அளக்குற ஆய்வு, 2018, 2019ல சோலாப்பூர்ல நடந்துச்சு, அதுவும் மலை மறைவுப் பகுதிதான். அந்த மாதிரி ப்ளேன் ஒரு நாள் பொதிகை மலை மேலயும் பறக்கணும், அதுல நம்ம பிள்ளைங்க செஞ்ச கருவி இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. எடை தப்பா எழுதி அது ஹேங்கர்ல கெடக்கக் கூடாது.

அதனால அன்னைக்கு அந்தப் பசங்ககிட்ட கேட்டது ஒண்ணுதான், கருவி ஓட என்னென்ன வேணுமோ எல்லாத்தயும் தனித்தனியா நிறுத்து, எந்த உயரத்துல எந்த இடத்துல உக்காரும்னு படம் போட்டு அனுப்புங்கன்னு. போன வாரம் அந்தக் குழுவுல உள்ள தங்கச்சி ஒருத்தி லிஸ்ட் அனுப்பிருக்கா. ஆறு கிலோன்னு சொன்னது 14.3ல வந்து நிக்குது. அப்பா மளிகைக்கடை தராசுல வச்சு நிறுத்திருக்கா, கடைசி வரியில ஸ்க்ரூ, நட்டு, வாஷர் 640 கிராம்னு போட்டுருந்துச்சு.