இரவில் எத்தனை அறைகளில் ஓடும்?

வீட்டு ஏர்கானை மாற்ற வேண்டும் என்று அழைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" அடுத்தது, "அஞ்சு டிக் போட்டதுதானே வாங்கணும்?" இரண்டுக்கும் பதில் சொல்லுமுன் நான் ஒன்று கேட்பேன்: தினமும் இரவில் எத்தனை அறைகளில் ஏர்கான் ஓடும்? வீட்டில் எத்தனை அறை என்று கேட்காமல் இதென்ன கேள்வி என்பதுபோல் பார்ப்பார்கள். ஆனால் சிங்கப்பூரில் மாதாமாதம் வரும் பியூபி பில்லை, அதாவது மின்சார, தண்ணீர் பில்லை, முடிவு செய்வது அந்தப் பதில்தான். இப்போது எஸ்பி குழுமம் அனுப்பினாலும் நம் வீடுகளில் அது இன்னும் பழைய பெயரில் பியூபி பில்தானே.

முதலில் டிக் விஷயத்தைப் பார்ப்போம். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2008-ல் ஏர்கான்களுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் எரிசக்தி லேபிளைக் கட்டாயமாக்கியது. லேபிளில் டிக் கூடக்கூட மின்சாரச் சிக்கனம் அதிகம். முதலில் நான்கு டிக் வரைதான் இருந்தது, 2014-ல் ஐந்தாக்கினார்கள். டிக் எப்படிக் கிடைக்கிறது? சோதனைக்கூடத்தில் இயந்திரத்தை முழுச் சுமையிலும் பாதிச் சுமையிலும் ஓடவிட்டு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று அளக்கிறார்கள். முழுச் சுமைக்கு 40 விழுக்காடு, பாதிச் சுமைக்கு 60 விழுக்காடு என்று கணக்கிட்டு மதிப்பெண் வருகிறது. நியாயமான முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டு ஏர்கான் இரவு இரண்டு மணிக்கு எந்தச் சுமையில் ஓடுகிறது என்பது அந்த லேபிளில் இருக்காது.

நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் மூன்று படுக்கையறை, ஒரு கூடம். உடனே சிஸ்டம் 4, அதாவது ஒரு கம்ப்ரசர் பெட்டிக்கு நான்கு உள்பெட்டிகள் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நான்கு உள்பெட்டிகளின் திறனைக் கூட்டினால் வருவதைவிட வெளியே இருக்கும் கம்ப்ரசரின் திறன் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஓடாது என்ற எண்ணத்தில்தான் அப்படி வடிவமைக்கிறார்கள். தீபாவளியன்று வீடு நிறைய ஆள் இருக்கும்போது நான்கையும் போட்டுவிட்டு, "புது ஏர்கான், குளிரவே மாட்டேங்குது" என்று போன் வருவது இதனால்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் அறையின் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சிக்கனம் அங்கேதான் வருகிறது. ஆனால் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நான்கு அறைகளுக்கான பெரிய கம்ப்ரசரை வைத்துக்கொண்டு நடு இரவில் ஒரே ஒரு 9,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) அறையை மட்டும் ஓட்டுவது, பத்துப் பேருக்குச் சோறு வடிக்கும் பானையில் ஒரு பிடி அரிசி போடுவது மாதிரி. அந்த அறைக்குத் தேவைப்படும் சொற்பக் குளிர்ச்சி அளவுக்கு அதனால் இறங்க முடியாமல் நின்று நின்று ஓடும். ஐந்து டிக் லேபிள் பெட்டியில் அப்படியே இருக்கும், சிக்கனம் மட்டும் இருக்காது. விற்பனைக் கையேட்டில் குளிரூட்டும் திறன் என்ற வரியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். கடைக்காரர் அதிகபட்சத்தைத்தான் காட்டுவார். நீங்கள் குறைந்தபட்சத்தைப் பாருங்கள். அது எவ்வளவு சின்ன எண்ணோ அவ்வளவு நல்லது.

உட்லண்ட்ஸில் ஒரு வீடு. பிள்ளைகள் இருவரும் திருமணமாகித் தனியே போய்விட்டார்கள், கணவன் மனைவி மட்டும் இருக்கிறார்கள். பழைய சிஸ்டம் 4 பழுதானதும் அதே அளவில் புதிது போடத் தயாராக இருந்தார்கள். "அக்கா, மத்த ரூம்ல எப்ப போடுவீங்க?" என்று கேட்டேன். "பேரப்பிள்ளைங்க வர்றப்ப மட்டும்தான் தம்பி" என்றார். வெளிப்பெட்டி வைக்கும் திட்டான லெட்ஜில் இரண்டு பெட்டி வைக்க இடம் இருந்தது. அவர்கள் படுக்கையறைக்குத் தனியாக ஒரு சிஸ்டம் 1, மற்ற இரண்டு அறைகளுக்கு ஒரு சிஸ்டம் 2 என்று பிரித்துப் போட்டோம். கூடத்துக்கு விசிறியே போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இப்படிப் பிரிப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கம்ப்ரசர் படுத்துவிட்டாலும் வீடு முழுக்க வெந்துபோகாது. எல்லா வீட்டிலும் இது முடியாது. லெட்ஜ் சின்னதாக இருக்கும், சில பழைய வீடுகளில் மெயின் சுவிட்ச் 30 ஆம்ப் மட்டுமே தாங்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும்.

சரி, ஐந்து டிக்குக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். மின்சாரம் யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், இது தோராயம்தான். ஒரு படுக்கையறை, எட்டு மணி நேரம், நல்ல இன்வெர்ட்டர், சராசரியாக மணிக்கு 0.4 யூனிட். ஓர் இரவுக்கு 3.2 யூனிட், சுமார் 96 காசு. மாதம் 29 வெள்ளி பக்கம் வரும். இதைவிட 15 விழுக்காடு கூடுதலாக இழுக்கும் நாலு டிக் இயந்திரம் என்றால் மாதம் நாலு வெள்ளிக்குச் சற்று மேல் வித்தியாசம், ஆண்டுக்கு 50 வெள்ளி சொச்சம். ஒரே அறைக்காக 600 வெள்ளி அதிகம் கேட்டால் யோசிக்க வேண்டும். மூன்று அறை தினமும் ஓடும் வீட்டில் அதே 600 வெள்ளி சுமார் நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடும்.

இந்தக் கணக்கில், சிக்கனமான சாதனங்கள் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி என்று தொடங்கியது, 2025 ஏப்ரலில் 400 வெள்ளியாக உயர்ந்து தனியார் வீடுகளுக்கும் கிடைத்தது. 2027 முடியும்வரை செல்லும். ஆனால் ஏர்கானுக்குப் பயன்படுத்த ஐந்து டிக் இருக்க வேண்டும். எல்இடி விளக்கிலும் குழாயிலும் முழுவதையும் செலவழித்துவிட்டு வந்து கேட்பவர்கள் உண்டு. ஏர்கான் மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கென்று விட்டுவையுங்கள்.

அளவு விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: "பெருசாவே போடுங்க, சீக்கிரம் குளிரட்டும்." சீக்கிரம் குளிரும், உண்மைதான். ஆனால் சிங்கப்பூரில் ஏர்கானுக்கு இரண்டு வேலை. காற்றைக் குளிர்விப்பது ஒன்று, ஈரத்தை எடுப்பது இன்னொன்று. விடியற்காலையில் நம் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். அறைக்குப் பெரிய இயந்திரம் போட்டால் பத்து நிமிடத்தில் வெப்பநிலை இறங்கிவிடும், கம்ப்ரசர் அடங்கிவிடும், ஈரம் அப்படியே நிற்கும். உடம்பு பிசுபிசுக்கும். இன்னும் குளிரவில்லை போல என்று 20 டிகிரிக்கு இறக்குவார்கள். பிறகு போர்வை. வழக்கமான வீவக படுக்கையறைக்கு 9,000 பிடியூ தாராளம். மாலை வெயில் நேராக அடிக்கும் அறை என்றால் 12,000 யோசிக்கலாம், ஏனென்றால் பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் சுவர் இரவு வெகுநேரம் வெப்பத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு முன் கனமான திரைச்சீலையும் கண்ணாடி ஃபிலிமும் போட்டுப் பாருங்கள், அவற்றின் விலை குறைவு. 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைக்கச் சொல்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். என் யோசனை 26, கூடவே ஒரு டிசி மின்விசிறி. சரியான அளவு இயந்திரம் ஈரத்தை எடுத்துவிட்டால் 26-லேயே நன்றாகத் தூங்கலாம்.

அப்புறம் இந்த ஸ்மார்ட் சமாச்சாரம். வைஃபை உள்ள இயந்திரம் தானாகவே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று நினைக்காதீர்கள். எம்ஆர்டியில் வரும்போதே செயலியில் ஆன் செய்து வீட்டைக் குளிர வைத்துக்கொள்வது சுகம்தான், ஆனால் அது செலவைக் கூட்டும் சுகம். உண்மையில் காசு மிச்சமாகும் இடங்கள் வேறு. ஆளில்லாத அறையைக் கண்டுபிடித்து அணைக்கும் அல்லது குறைக்கும் சென்சார், தூங்கிய பிறகு மெல்ல மெல்ல ஒன்றிரண்டு டிகிரி ஏற்றும் தூக்க முறை, விடிகாலை ஐந்தரைக்குத் தானாக அணையும் அட்டவணை. கடைசியில் சொன்னது சாதாரண ரிமோட் டைமரிலேயே இருக்கிறது, பலர் ஒருநாள்கூட அழுத்திப் பார்த்ததில்லை. காலேஜ் படிக்கும் பிள்ளை ஏர்கானை அணைக்காமல் போய்விடும் வீடா? செயலி பயன்படும். தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் வீடா? பெரிய பொத்தான் உள்ள ரிமோட் போதும். பெரும்பாலான இயந்திரங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், வாங்கும் முன் அந்த அறையில் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். பிளக்கில் செருகும் ஸ்மார்ட் சாக்கெட்டை வைத்து ஸ்பிளிட் ஏர்கானின் மின்சாரத்தை வெட்டுவதெல்லாம் கூடவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த ஸ்மார்ட் கருவி ஏர்கானிலேயே இல்லை. வீட்டில் புது மின்மானி இருந்தால் எஸ்பி செயலியில் அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு ஓடியது என்று பார்க்கலாம். ஓர் இரவு இரண்டு அறை, மறு இரவு ஒரே அறை போட்டுப் பாருங்கள். இரண்டு இரவுக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி இருந்தால் அந்தக் கம்ப்ரசர் உங்கள் வீட்டுக்கு ரொம்பப் பெரியது.

இனி பொருத்தும் வேலை. இதில்தான் ஐந்து டிக் மூன்று டிக்காகச் சரிகிறது. வீவக வீட்டில் பொருத்துபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அதோடு விடாதீர்கள். விலைச்சீட்டில் செம்புக் குழாயின் தடிமன், அதைச் சுற்றும் இன்சுலேஷனின் தடிமன், தண்ணீர்க் குழாய்க்கும் இன்சுலேஷன் உண்டா என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். "எல்லாம் ஸ்டாண்டர்டு அண்ணே" என்று சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்சுலேஷனுக்கு நான் அரை அங்குலத்துக்குக் குறைந்து போடுவதில்லை. நம் ஊர் ஈரத்தில் மெல்லிய இன்சுலேஷன் வியர்த்து, குழாயை மூடும் டிரங்கிங்குக்குள் தண்ணீர் தேங்கி, ஒருநாள் ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் கறையாகத் தெரியும். பழைய குழாயையே வைத்துப் புது இயந்திரம் மாட்டுவது மலிவுதான், ஆனால் உள்ளே இருக்கும் பழைய எண்ணெயைச் சுத்தம் செய்யாமல், இன்சுலேஷனைச் சோதிக்காமல் மாட்டினால் அந்த மலிவு நிலைக்காது.

குழாய் இணைத்ததும் வேக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுதாக உறிஞ்ச வேண்டும். அவசரத்தில் இதைச் சுருக்கிவிடுவார்கள். காற்று உள்ளே தங்கினால் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் முக்கி முக்கி ஓடும், மின்சாரம் அதிகம் இழுக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பம்ப் ஓடும்போது பக்கத்தில் நின்று மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வெளிப்பெட்டிக்கு முன்னால் பூந்தொட்டி, பழைய அலமாரி எதையும் அடுக்காதீர்கள். வெளியேற்றிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். கொண்டோ லெட்ஜ்களில் நெருக்கமான தடுப்புப் பலகைகளுக்குப் பின்னால் இதே தொல்லை.

பராமரிப்பில் நம் வீடுகளுக்கென்று ஒரு விஷயம் உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, திறந்த சமையலறையில் தாளிப்பு, பலகாரம் பொரிக்கும் எண்ணெய்ப் புகை. இவை கூடத்து ஏர்கானின் ஃபில்டரையும் தாண்டி, காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பிசுக்காகப் படியும். சாம்பிராணியை விடச் சொல்லவில்லை. புகை அடங்கி ஜன்னல் வழியே போன பிறகு ஏர்கானைப் போடுங்கள், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். இப்படிச் செய்யும் வீடுகளில் கெமிக்கல் வாஷ் (ரசாயனம் போட்டுக் கழுவுவது) தள்ளிப்போகிறது.

சர்வீஸ் செய்ய வருபவர் ஒவ்வொரு முறையும் "கேஸ் குறைஞ்சிருக்கு, டாப் அப் பண்ணணும்" என்றால் உஷாராகுங்கள். குளிரூட்டும் கேஸ், மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது, பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவது கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் அடுத்த சில மாதத்தில் மறுபடியும் அதே கட்டணம். 2022 அக்டோபர் முதல் இங்கே புதிதாக விற்பனைக்கு வரும் வீட்டு ஸ்பிளிட் ஏர்கான்களில் புவி வெப்பமாதல் குறியீடு 750-க்கு மேற்பட்ட கேஸ் இருக்கக் கூடாது. அதனால்தான் 2,088 குறியீடு கொண்ட ஆர்410ஏ போய், 675 கொண்ட ஆர்32 வந்தது. உங்கள் வீட்டில் ஆர்410ஏ இயந்திரம் நன்றாக ஓடுகிறதென்றால் பதறி மாற்ற வேண்டாம். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது, ஆகவே குழாய் வேலையைத் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

பழைய பெட்டியைக் கழற்றி எடுப்பதற்குத் தனியாகக் காசு கேட்டால், எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் மின்கழிவுத் திட்டத்தின்கீழ், புது ஏர்கானைக் கொண்டுவந்து இறக்கும்போது பழையதை இலவசமாக எடுத்துப்போவது கடைக்காரரின் கடமை. கழற்றும் கூலி மட்டும் தனியாக இருக்கலாம். கழற்றுமுன் கேஸைக் கம்ப்ரசருக்குள் இழுத்து அடைத்துவிட்டுத்தான் குழாயைப் பிரிக்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். வெட்டிவிட்டு உஸ் என்று காற்றில் விடப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.