புல்லியிங்: பகிடியும் இல்லை, சண்டையும் இல்லை

“பகிடிக்குத்தான் சேர்.” அழுத பிள்ளையோடு அழவைத்தவனையும் அதிபரின் அறைக்குக் கூட்டிப்போனால் முதலில் வரும் பதில் இதுதான். “சரி, கைகொடுத்துவிட்டுப் போங்கடா” என்று அதிபரும் அனுப்பிவிடுவார். பகிடி என்றால் இரண்டு பேரும் சிரித்திருக்க வேண்டுமே!

புல்லியிங்குக்கு அடியான ‘புல்லி’ (bully) என்றால் 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அன்புக்குரியவர். டச்சு மொழியில் காதலரையும் சகோதரரையும் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அப்புறம் ‘நல்ல ஆள்’ ஆகி, சவடால் பேர்வழியாகி, கடைசியில் எளியவர்களை மிரட்டுகிறவன் என்று சீரழிந்துவிட்டது. இன்று ஆய்வாளர்கள் சொல்லும் பொருளுக்கு 1970களில் அடித்தளம் போட்டவர் நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வியஸ். வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, படுகிறவரால் எளிதில் எதிர்த்து நிற்க முடியாத அளவுக்குப் பலம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. இந்த மூன்றும் சேர வேண்டும். 1982இல் அங்கே சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதை அடுத்து, 1983இல் நாடு முழுக்கப் பாடசாலைகளில் இதற்கெதிரான இயக்கமே தொடங்கினார்கள்.

தமிழில் என்ன சொல்வது? பகிடிவதை என்றதும் நமக்கு வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்கள்தான் ஞாபகம் வரும். அது ராகிங், புதிதாக வந்தவரைப் பழையவர் படுத்தும் பாடு. இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் முக்கியமாகத் தடைசெய்வதும் அதைத்தான். ஏழாம் வகுப்பில் பக்கத்து மேசைக்காரன் தினமும் செய்வதற்கு அந்தச் சொல் பொருந்தாது. சீண்டல் மிக லேசு, கொடுமைப்படுத்தல் மாமியாருக்கும் போகும், துன்புறுத்தல் பொலிஸ் முறைப்பாட்டு வாசனை அடிக்கிறது. எனக்குப் பிடித்தது ‘வாட்டுதல்’. எளியாரை வலியார் வாட்டினால் வலியாரைத் தெய்வம் வாட்டும் என்ற பழமொழியிலேயே அந்தப் பலச் சமமின்மை இருக்கிறது, ஒரே அடியில் வாடாது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. செய்கிறவனுக்குத் தனிப்பெயர் தேட வேண்டாம், அவனுக்கும் நாம் ஏன் ஒரு பட்டம் தெளிக்க வேண்டும்?

சண்டை என்று பெயர் வைத்தால் இரண்டு பேரையும் முழங்காலில் நிறுத்துவோம். வாட்டுதல் என்றால் அது அநியாயம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து டவுனில் உயர்தரம் படிக்கும் பிள்ளை வாய் திறக்கும்போதெல்லாம் அவனுடைய பேச்சை நாலு பேர் சேர்ந்து பழித்துக்காட்டுகிறார்கள் என்று வையுங்கள். அவனைத் தனியாகக் கேட்க வேண்டும், அவர்களையும் ஒவ்வொருவராக, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசினால் அவன் ஒன்றுமில்லை சேர் என்றுதான் சொல்வான், அதற்கான விலையை பஸ் தரிப்பிடத்தில் கொடுப்பான். சொன்னதைத் திகதி போட்டு எழுதிவையுங்கள், பெற்றோரைக் கூப்பிடுங்கள், இரண்டு கிழமை கழித்து அவனையே மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள். பலர் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. இடைவேளையில் மலசலகூடப் பக்கமும் சிற்றுண்டிச்சாலை வரிசையிலும் ஓர் ஆசிரியர் நின்றாலே குறையும். மாணவத் தலைவர்களிடம் தண்டிக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள், சில இடங்களில் வாட்டுவதே அவர்கள்தான். வகுப்பில் பிள்ளையை ‘கறுவல்’, ‘தடியன்’ என்று கூப்பிடும் ஆசிரியரை அதிபர் முதலில் நிறுத்த வேண்டும், பிள்ளைகள் பாதிப் பட்டத்தை அங்கேதான் பொறுக்குகிறார்கள்.

அதிபரே கண்டுகொள்ளாவிட்டால் பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கும் அழைக்கலாம்.